என் சாவிக்குத் திறந்த நஞ்சப்பன் வண்டி

பெயர் சின்னராஜ், வயது 41, தகப்பனார் பெயர் முனியப்பன். முகவரி மாரியம்மன் கோயில் தெரு, இண்டூர், தருமபுரி மாவட்டம். தொழில், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்துத் தக்காளி, காய்கறி லோடு ஏற்றுவது. பாலக்கோடு காவல் நிலைய உதவி ஆய்வாளர் சோபனா அவர்கள் விசாரிக்க, தலைமைக் காவலர் எழுத, யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானாகச் சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் என் மனைவி கலைமதியுடன் குடியிருந்து வருகிறேன். என்மேல் இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. கம்பைநல்லூரைச் சேர்ந்த நஞ்சப்பன் என்பவருடைய பிக்கப் வண்டியைத் திருடியதாகவும், அதில் இருந்த அவர் மனைவி ராணியம்மாளைக் கடத்திக்கொண்டு போனதாகவும் என்மேல் புகார் இருப்பதை இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். வண்டியை ஓட்டிப் போனது உண்மை. அதில் அந்த அம்மாள் இருந்ததும் உண்மை. திருடியது மட்டும் உண்மையல்ல. இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்காமல் சொல்லும்படி தலைமைக் காவலர் சொன்னதால் அடக்கிக்கொண்டு மேலே சொல்கிறேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் போன வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது எதற்கு என்று கேட்டார்கள். அது இல்லாமல் இது விளங்காது என்று கேட்டுக்கொண்டு சொல்கிறேன். போன வருடம் வைகாசியில் என் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் பென்னாகரம் போயிருந்தபோது, மண்டபத்து வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த என் பழைய பிக்கப் வண்டி நான் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வருவதற்குள் காணாமல் போய்விட்டது. கண்ணாடி உடைந்து கிடக்கவில்லை, அலாரம் கத்தவில்லை. அதன் பிறகு புகார் கொடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதினேன். இரண்டு சாவியையும் கேட்டார்கள், இரண்டையும் கொடுத்தேன். அதன் பிறகு வண்டி வாங்கிய ஷோரூமில் விசாரித்தார்கள். ஷோரூம் மேலாளர் ரஞ்சித்குமார், எங்கள் சாவிக்குள் சிப் இருக்கிறது, ஒரு சாவிக்கு ஒரு வண்டிதான் கிளம்பும், வேறு எந்த வழியிலும் கிளப்ப முடியாது என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு, நான் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பந்திக்கு ஓடினேன் என்றும், பிறகு ஒரு கள்ளச்சாவி வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன் என்றும் முடிவு கட்டி, இன்சூரன்ஸ் கம்பெனி என் மனுவைத் தள்ளிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். அங்கேயும், உன் சாவி இல்லாமல் இன்னொருவன் கிளப்பினான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றுதான் கேட்கிறார்கள்.

அன்று முதல் எங்கள் ஊரில் எனக்குப் பெயர் சாவி சின்னராஜ். டீக்கடையில் உட்கார்ந்தால், "சாவி எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ போடுவார்கள். என் மச்சான் அவன் பைக்கை எனக்குத் தருவதை நிறுத்திவிட்டான். கலைமதி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நான் எங்கே வண்டியை விட்டு இறங்கினாலும் அவள் கண் என் சட்டைப் பைக்குப் போகும். சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மற்றவர்கள் கேலியை எல்லாம் தாங்கிக்கொண்டேன், இதை என்னால் தாங்க முடியவில்லை. இதை எழுத வேண்டுமா என்று தலைமைக் காவலர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகும் அதே கம்பெனி வண்டியையே ஏன் வாங்கினாய் என்று உதவி ஆய்வாளர் கேட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நான் அந்தப் பூனையைவிட மோசம். ஆனால் தக்காளி லோடுக்கு அதைவிடத் தோதான வண்டி இந்தப் பக்கம் கிடையாது. வாங்கிய பிறகு சும்மா இருக்கவில்லை. பூட்டு சரியில்லாத வண்டிக்காரர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். லோடு வண்டிக்காரர்களைவிடக் கார் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் சேர்ந்தார்கள். தருமபுரியில் டீச்சராக இருக்கும் எழிலரசி என்பவருடைய காரில் பூனை ஏறினால் அலாரம் தெருவையே எழுப்புகிறது, ஆனால் யாரோ கதவைத் திறந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போன அன்று முனகக்கூட இல்லை. இன்னொருவர் காரில் சாவியே வேண்டாம், பையில் இருந்தால் போதும் என்று சொல்லி விற்றார்கள். சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்க, கார் வாசலில் இருந்து போய்விட்டது. எல்லோருக்கும் ஷோரூமில் சொன்ன பதில் ஒன்றுதான், வாய்ப்பே இல்லைங்க சார்.

இனி இன்றைக்கு நடந்தது. இன்று ஆயுத பூசை. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் லோடு இறக்கிய பிறகு, ஸ்டாண்டில் உள்ள வண்டிகள் எல்லாவற்றையும் கழுவி ஒரே வரிசையாக நிறுத்தி ஒரே பூசையாகப் போடுவது வழக்கம். அதன்படி நானும் என் வண்டியை வரிசையில் விட்டேன். எல்லாம் ஒரே வெள்ளை நிறம், பாதிக்கு மேல் ஒரே கம்பெனி. பூசாரி ஒரு வாளி சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு வந்து ஒரு வண்டி விடாமல் முகப்புக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் பட்டை போட்டு, குங்குமம் வைத்தார். ஒரே கூடையில் இருந்து எடுத்த சாமந்தி மாலைதான் எல்லா வண்டிக்கும். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. அதற்குப் பிறகு எந்த வண்டி யாருடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. நம்பர் பிளேட்டை மறைப்பதே குற்றம் என்று உதவி ஆய்வாளர் சொன்னார்கள். அதற்கு அபராதம் போட்டால் கட்டுகிறேன்.

பூசை முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகு நான் பொரியும் சுண்டலும் வாங்கப் போனேன். அந்த நேரத்தில் லாரி ஒன்று உள்ளே வருவதற்காக வரிசையின் முன்னால் நின்ற சில வண்டிகளை அவற்றின் சொந்தக்காரர்கள் எடுத்துக் கடைசியில் விட்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. என் வண்டி முன்னால் இருந்து ஐந்தாவது என்ற கணக்கில் எண்ணிக்கொண்டு வந்து, அங்கே நின்ற வண்டியின் கதவில் என் சாவியைப் போட்டேன், திறந்தது. உட்கார்ந்தேன். சீட்டு முன்னால் இழுத்துக் கிடந்தது. என் மச்சான்தான் ஏறி உட்கார்ந்து இழுத்திருப்பான் என்று திட்டிக்கொண்டே பின்னால் தள்ளினேன். சாவியைத் திருகினேன், முதல் திருகிலேயே கிளம்பியது. என் வண்டி காலை நேரத்தில் அப்படிக் கிளம்பாது. ஆயுத பூசை வேலை செய்கிறது என்று நினைத்து ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டேன். சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, தருமபுரி ரோட்டில் இண்டூருக்குப் புறப்பட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் முதுகுப் பக்கம் கண்ணாடியில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. லோடு இறக்கிய காலி வண்டியில் யார் தட்டுவது என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு பொம்பளை முகம். நான் போட்ட பிரேக்கில் பின்னால் கிடந்த காலித் தக்காளிப் பெட்டிகள், கிரேடுகள் என்போம், எல்லாம் கடகடவென்று உருண்டன. வண்டியை ஒரு டீக்கடை ஓரத்தில் நிறுத்தி இறங்கினேன். கிரேடுகளுக்கு நடுவில் சாக்கை விரித்துப் படுத்திருந்த ஒரு அம்மாள் எழுந்து நின்றுகொண்டு, "காரிமங்கலம் ரோட்டுல போவாம எங்க போவுது இந்த வண்டி?" என்று கேட்டார். என்னைப் பார்த்தார். "நீ யாருய்யா?" என்றார்.

நான், இது என் வண்டிங்க, நீங்க யாரு என்று கேட்டேன். "உன் வண்டியா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் டீக்கடைக்காரர் கேட்கும்படி கத்தத் தொடங்கினார். அவர்தான் ராணியம்மாள். பூசை முடிந்ததும் புருசன் கமிஷன் மண்டிக்குப் போக, விடிகாலையில் இருந்து லோடு கட்டிய அசதியில் பின்னால் ஏறிப் படுத்துவிட்டார். வண்டி கிளம்பியதும் புருசன்தான் ஓட்டுகிறார் என்று நினைத்துத் தூங்கிவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். நான் நம்பர் பிளேட்டில் இருந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்துப் பார்த்தேன். என் நம்பர் இல்லை.

அப்போது ராணியம்மாள் மடியில் கையை விட்டு ஒரு சாவியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டி, "சாவி எங்கூட்டுக்காரரு எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாரு. இதோ என் மடியில இருக்குது. நீ எதுல ஓட்டிக்கிட்டு வந்த?" என்று கேட்டார்.

நான் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தேன். என் சாவிதான். கலைமதி கட்டிய சிவப்புக் கயிறு அதில் இருந்தது. அந்த நிமிடம் எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. சட்டையைப் பிடித்தவர் கையை விடவில்லை, ஆனால் எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. ஒன்றரை வருடமாகக் கோயில் கோயிலாகக் கேட்ட அத்தாட்சி என் உள்ளங்கையில் இருக்கிறது. "அம்மா, நீங்க நல்லா இருக்கணும், சாவிய மடியில வச்சிருந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த அம்மாள் பயந்துபோய், "இவனுக்குக் கிறுக்கு புடிச்சிருக்குதுங்க" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னார். அது நியாயம்தான்.

அதன் பிறகு நான் எல்லார் முன்னாலும் என் சாவியால் கதவைத் திறந்து, வண்டியைக் கிளப்பிக் காட்டினேன். ஓடும் எஞ்சினில் இருந்து சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எஞ்சின் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் அவருடைய சைக்கிள் பூட்டுகூட இதைவிடக் கெட்டி என்றார். அதன் பிறகு ராணியம்மாளை முன்சீட்டில் உட்கார வைத்து, இரண்டு சாவியையும் அவர் கையிலேயே கொடுத்து, பாலக்கோட்டுக்குத் திரும்பி ஓட்டிக்கொண்டு வந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததால் சாவி தேவைப்படவில்லை. அந்த நிலையிலேயே காவல் வண்டி எதிரில் வந்து எங்களை நிறுத்தி இங்கே அழைத்து வந்தது.

நிலையத்துக்கு வந்ததும் நஞ்சப்பன் ஓடி வந்து, "என் வண்டியும் போச்சு, என் வூட்டுக்காரியும் போச்சுன்னு நின்னேன்டா" என்று என் கழுத்தைப் பிடித்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் பிடித்திருப்பேன். நடந்ததை உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். அவர்கள் ஷோரூமுக்குப் போன் போட்டு, மேலாளர் ரஞ்சித்குமாரை வரவழைத்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் தெரியாத மாதிரி நின்றார். என் சாவி நஞ்சப்பன் வண்டிக்குச் சேருமா என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, "வாய்ப்பே இல்லைங்க மேடம். சிப் இருக்குது" என்றார். அப்படியானால் இவன் எப்படி ஓட்டினான் என்று கேட்டதற்கு, திருடத் தெரிந்தவன் ஏதாவது செய்திருப்பான் என்றார். அந்த வார்த்தைக்கு நான் பாய்ந்தேன். தலைமைக் காவலர் பிடித்து உட்கார வைத்தார். இப்போதும் அதைச் சொல்லும்போது குரல் ஏறிவிட்டது. மன்னிக்கவும்.

அதன் பிறகு ரஞ்சித்குமார் நஞ்சப்பனையும் என்னையும் வராண்டாவுக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார். நல்ல நாளும் அதுவுமாகக் கேஸ் எதற்கு, வண்டியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது, பூசை நெரிசலில் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இரண்டு பேரும் சொல்லிவிடுங்கள், புகார் முடிந்துவிடும், இரண்டு வண்டிக்கும் பூட்டைப் புதிதாக மாற்றித் தருகிறேன் என்றார். நஞ்சப்பன் என்னைப் பார்த்து, "அதுவும் நல்லதுதான்டா, வூட்டுக்குப் போய்ச் சோறு திங்கலாம்" என்றார். நான் ஒத்துக்கொண்டால் அந்த நிமிடமே வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் திருட்டு வழக்கு. ஆனால் வண்டியில் சாவி தொங்கியது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டால், போன வருடம் என்னைப் பற்றி அவர்கள் எழுதியது இன்று நான் நஞ்சப்பனைப் பற்றிச் சொல்வதாக ஆகிவிடும்.

ராணியம்மாள் தூணுக்கு மறுபக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சாவி வண்டியில தொங்குச்சுன்னா, என் மடியில இருந்தது என்னங்க, வெல்லக்கட்டியா?" என்று கேட்டார். "நாளைக்கு நெசமாவே வண்டி போச்சுன்னா, இந்தப் பொம்பள ஏற்கனவே சாவிய உட்டுட்டுத் தூங்குனவதான்னு எழுத மாட்டீங்களா?" என்றார். நஞ்சப்பன் மனைவி முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உனக்கும் இதேதான் ஆச்சா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அதுவரை நீ, டா என்று பேசிக்கொண்டிருந்தவர் அதன் பிறகு என்னை வாங்க போங்க என்றுதான் பேசினார்.

மூவரும் உள்ளே போய், சமாதானம் வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். உதவி ஆய்வாளர் என் சாவியை வாங்கி, வளாகத்தில் நின்ற நஞ்சப்பன் வண்டியில் தாங்களே போட்டார்கள். திறந்தது, கிளம்பியது. உடனே ரஞ்சித்குமார், அந்த வண்டியில் மட்டும் ஏதோ பழுது, அதற்கு இவருடைய சாவியைப் பழக்கிவிட்டிருக்கிறார்கள், இவருடைய வண்டி வேறு சாவிக்குக் கிளம்பவே கிளம்பாது என்று அடித்துச் சொன்னார். என் வண்டி மார்க்கெட்டிலேயே பூட்டி நின்றது. உதவி ஆய்வாளர் என் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, நஞ்சப்பனையும் அவர் சாவியையும் ஒரு காவலரோடு மார்க்கெட்டுக்கு அனுப்பி, முடிந்தால் என் வண்டியை ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அவர்கள் திரும்பி வரும்வரை நான் நிலைய வாசற்படியில் நின்றேன். அந்த வண்டி கிளம்பவில்லை என்றால் நான் திருடன், கிளம்பினால் நான் மனிதன். அடுத்தவன் சாவிக்கு என் வண்டி கிளம்பக் கூடாது என்றுதான் எந்தச் சொந்தக்காரனும் சாமி கும்பிடுவான். நானோ, எவன் சாவி போட்டாலும் என் வண்டி கிளம்ப வேண்டும் என்று பாலக்கோட்டில் இருக்கும் சாமி, இண்டூரில் இருக்கும் சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். நிலையத்துக்கு வந்த உடனே நான் போன் செய்திருந்ததால், அதற்குள் கலைமதி இண்டூரில் இருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் குழுவில் போட்ட செய்தியைப் பார்த்து எழிலரசி டீச்சரும் இன்னும் சிலரும் கார்களில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ரஞ்சித்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ராணியம்மாள் மட்டும் படியில் உட்கார்ந்து, பூசைப் பொரியைக் கலைமதிக்கும் கொடுத்துத் தானும் தின்றுகொண்டிருந்தார்.

அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. என் வண்டி ஹாரன் எனக்குத் தெரியாதா? மூன்று சுருதியில் கூவும், கலைமதி கடையில் நின்று கேட்டுத் தேர்ந்தெடுத்தது. வாழைக்கன்று ஆட, சாமந்தி மாலை ஆட, என் வண்டி கேட்டுக்குள் திரும்பியது. நஞ்சப்பன் ஓட்டிக்கொண்டு, கையை ஹாரனில் இருந்து எடுக்காமலே வந்தார். பக்கத்தில் காவலர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நஞ்சப்பன் இறங்குவதற்கு முன்பே, "ஒரே திருவுங்க, கெளம்பிருச்சுங்க!" என்று கத்தினார். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் தலைமைக் காவலரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். அரசு ஊழியரை அப்படித் தூக்கியது தவறு, அதற்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கு வெளியே நின்ற கார்க்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்ததற்கு நான் பொறுப்பல்ல.

ரஞ்சித்குமாரிடம் உதவி ஆய்வாளர், "இப்ப என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டார்கள். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இந்த முறை வாய்ப்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

மேற்படி நஞ்சப்பன் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். புகார் இல்லை என்று காகிதத்தைக் கிழித்துவிட்டால் நடந்தது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். என்மேல் குற்றம் இல்லை என்று எழுதுங்கள், ஆனால் அவர் வண்டியை என் சாவி திறந்தது என்பதையும், என் வண்டியை அவர் சாவி கிளப்பியது என்பதையும் அப்படியே எழுதி, நகல் கொடுங்கள், ஆணையத்தில் கொடுப்பேன் என்றேன். நஞ்சப்பனும் ராணியம்மாளும் அதற்குச் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள். என் சாவியை வழக்குச் சொத்தாக இங்கே ஒப்படைத்துவிட்டேன். சாவி இல்லாமல் வண்டியை எப்படி எடுத்துப் போவாய் என்று தலைமைக் காவலர் கேட்டார். நஞ்சப்பன் அவருடைய சாவியைப் போட்டு என் வண்டியைக் கிளப்பி, உருவிக்கொண்டு போய், அதே சாவியில் அவர் வண்டியையும் எடுத்துக்கொள்வார். இன்னொரு சாவி வீட்டில் இருக்கிறது, இண்டூர் போகும்வரை நான் எஞ்சினை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

கலைமதி இப்போது ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள். என் சட்டைப் பை காலியாக இருப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

தலைமைக் காவலர் இதை முழுவதும் வாசித்துக் காட்டக் கேட்டேன். ஓர் இடத்தில் மட்டும் "கதவில் சாவியைப் போட்டேன்" என்று எழுதியிருந்தார். அதை "கதவில் என் சாவியைப் போட்டேன்" என்று திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தின் ஓரத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது, ஒன்றும் கூட்டவில்லை.

(ஒப்பம்) மு. சின்னராஜ்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது,
(ஒப்பம்) சோபனா, உதவி ஆய்வாளர்